எட்டாவது ஷரத்து

எங்கள் பி.எம்.முக்கு யாராவது "அப்ப நான் கிளம்பறேன்" என்று சொல்லி எழுந்தாலே முகம் வாடிவிடும். பி.எம். என்றால் பர்சனல் மேனேஜர். தில்லியில் பி.எம்.கள் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பி.எம். மட்டும் நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தார். தானும் போகமாட்டார், மற்றவர்களையும் போகவிடமாட்டார்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், படித்தால் சங்கடப்படுவார்கள். நான் அவரிடம் ஸ்டெனோவாக இருந்தவள் என்பது மட்டும் போதும். பஸ், லாரிகளுக்கு வேண்டிய ரப்பர் சீல், புஷ் எல்லாம் செய்கிற கம்பெனி. ஷெட்டுக்குள் நுழைந்தால் கரிப் புழுதியும் ரப்பர் வேகிற வாசனையும் மூக்கில் ஏறும். அந்த வாசனைக்கு நடுவே பி.எம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிவார். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா நிறைய ஏலக்காய். யாரோடு பேச ஆரம்பித்தாலும் முதலில் ஓர் ஏலக்காயை நீட்டுவார். வாயில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது, அதை மென்று முடிக்கிறவரை நீங்கள் நகர முடியாது.

அண்ணனூரில் அவர் வீடு. விருந்தாளிகள் அவரிடம் படுகிற பாடு ஸ்டேஷன் வரைக்கும் பிரசித்தம். செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்கு முக்கியமான விஷயங்கள் நினைவுக்கு வரும். "ஒரு நிமிஷம்" என்பார். ஒரு ரயில் போகும். "இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க" என்பார். அடுத்த ரயிலும் போகும். ஒரு நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போன என் அம்மா, சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று கால் வலி கண்டு வந்தாள். "நல்ல மனுஷன்டி. ஆனா அந்த ஊட்டுப் பக்கம் இனிமே என்னைக் கூப்பிடாதே" என்றாள்.

இப்படிப்பட்டவர் சாயங்காலக் கல்லூரியில் சட்டம் வேறு படித்திருந்தார். வக்கீல் தொழில் பார்க்கவில்லை. அந்தப் படிப்பு முழுவதையும் ஒரே ஒரு இடத்தில் செலவழித்தார். கம்பெனியில் சேருகிற அதிகாரிகளுக்குக் கொடுக்கும் வேலை உத்தரவில் எட்டாவது ஷரத்து என்று ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனியை விட்டுப் போகிற அதிகாரி, போன நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குச் சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ ரப்பர் தொழிலில் யாரிடமும் வேலைக்குச் சேரக்கூடாது, தானாகவும் நடத்தக்கூடாது. விஷயம் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதை ஒரே வாக்கியமாக, ஒரு முழுப் பக்கத்துக்கு, முற்றுப்புள்ளியே இல்லாமல் எழுதியிருந்தார். டைப் அடிக்கும்போது எனக்கே மூச்சு வாங்கும்.

புது அதிகாரி கையெழுத்துப் போட வருகிற அன்று அறையில் காப்பி மணக்கும். "நிதானமா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார், அவசரமே இல்லை" என்று பி.எம். தாளை நீட்டுவார். வந்தவர் இரண்டாவது ஷரத்துக்குப் போவதற்குள், "உங்க மாமனார் திருத்தணின்னு சொன்னீங்க இல்ல? திருத்தணியில எந்தத் தெரு?" என்று தொடங்கிவிடுவார். மாமனாரைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே எட்டாவது ஷரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. எல்லோரும் போட்டார்கள்.

அதிகாரிகளோடு நிற்கவில்லை. ரப்பர் கலக்கிற அறை கேண்டீன் ஜன்னலிலிருந்து தெரியும் என்பதற்காகக் கேண்டீன் மணியிடமும் ஒரு தாளை நீட்டினார். இங்கே பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது.

"நா இன்னாத்த சார் வெளிய போயி சொல்லப் போறேன்? டீல எத்தினி கரண்டி சக்கர போடறேன்னா?" என்றான் மணி.

"அதையும் சொல்லாதே. நம்ம டீ நம்மளோட இருக்கட்டும்" என்று சிரிக்காமல் சொல்லிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

எங்களுக்கெல்லாம் இது வேடிக்கையாக இருந்தது. வாட்ச்மேன் துரைக்கு மட்டும் வேடிக்கையில்லை. ஏனென்றால் நான் சேருவதற்கு முன்பு நடந்த ஒன்றை அவர் பார்த்திருந்தார். கம்பெனியின் வொர்க்ஸ் மேனேஜராக இருந்தவர் ஒருநாள் ரப்பர் கலவைகளின் அளவுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, கூடவே மூன்று கைதேர்ந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு, பின்தெருவிலேயே ஒரு ஷெட் போட்டுவிட்டார். கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் அவர் பின்னால் போய்விட்டார். இங்கே ரப்பர் அரைக்கிற மில் நின்றது. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார் முதலாளி. பி.எம். ஒட்டவில்லை. வீடு வீடாகத் தானே போனார்.

"எங்க ஊட்டுக்கும் வந்தாரும்மா" என்று துரை சொல்லியிருக்கிறார். "குந்தினாரு. தண்ணி கேட்டாரு, குட்சாரு. அப்பால வாயே தொறக்கல. நாந்தான் கேட்டேன், இன்னா சார், வேலை பூட்ச்சான்னு. தலைய மட்டும் ஆட்டுனாரு. எம் பொண்டாட்டி உள்ள அழுதுகினு கீறா, இவரு அந்த டம்ளரையே பாத்துகினு கீறாரு."

கம்பெனி ஒரு வழியாக எழுந்து நின்ற பிறகு துரையையும் மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டவரும் பி.எம்.தான். எட்டாவது ஷரத்து பிறந்தது அந்த வருஷம். அதனால் யாராவது அவரைக் கிண்டல் செய்தால் துரை கேட்டை வேண்டுமென்றே மெதுவாகத் திறப்பார்.

ஷரத்தின் முழு பலத்தையும் வாங்கிக்கொண்டவர் ராமநாதன். எங்கள் சேல்ஸ் மேனேஜர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எந்தக் கம்பெனியில் எந்த அதிகாரி எப்போது ஆர்டர் போடுவார், அவருக்கு எந்தப் பேச்சு பிடிக்கும் என்பது ராமநாதன் ஒருவருக்கே தெரியும். திருவேற்காடு பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. இங்கே வாங்குகிறதைப் போல இரண்டு பங்கு சம்பளம், கார். ராஜினாமாக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். அடித்து முடிக்கும் வரை என் மேஜை ஓரத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கடிதத்தை வாங்கிய பி.எம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வாங்க, டிபன் சாப்பிடலாம்" என்று அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கும் ஓட்டலுக்கு அழைத்துக்கொண்டு போனார். நடந்ததை ராமநாதனே பிறகு சொன்னார். ரவா தோசை வருகிறவரை ஊர், குடும்பம், அம்மாவின் கண் ஆபரேஷன். தோசை வந்த பிறகு எட்டாவது ஷரத்து. கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். புதுக் கம்பெனிக்காரன் பயந்துபோய் உங்களைக் கழற்றிவிடுவான். அதற்குள் இங்கேயும் வேலை இருக்காது. கம்பெனி நஷ்டஈடு கேட்கும். ஜப்தி செய்யக் கோர்ட் அமீனா வீட்டுக்கு வருவான். குவார்ட்டர்ஸ் தெருவே வாசலில் நின்று பார்க்க, ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவான்.

"எங்கப்பா அந்தத் தெருவுல முப்பது வருஷம் தலை நிமிந்து நடந்தவரு வசந்தி" என்றார் ராமநாதன் என்னிடம். கடிதத்தைத் திரும்ப வாங்கி நான்காகக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டார்.

அடுத்த வாரம் முதலாளி அறையிலிருந்து சத்தம் கேட்டது. அப்படிச் சத்தம் போட்டுப் பி.எம். பேசி நான் கேட்டதில்லை. ராமநாதனுக்குச் சம்பள உயர்வும் வீட்டில் ஒரு டெலிபோனும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பூட்டுப் போடுகிறவரும் அவர்தான், பூட்டின கதவுக்குள் பலகாரம் கொண்டு வந்து கொடுக்கிறவரும் அவர்தான். அவரை வெறுப்பதா விரும்புவதா என்று தெரியாமல் எல்லோரும் விரும்பிக்கொண்டிருந்தோம்.

ஏழெட்டு வருஷம் போயிற்று. முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார். வந்த கையோடு தன் சிநேகிதர் ஒருவரை ஜெனரல் மேனேஜராகக் கொண்டு வந்தார். எல்லோரும் பி.எம்.முக்குத்தான் அந்தப் பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவரும் நினைத்திருக்க வேண்டும். புது ஜி.எம். முதல் வாரத்திலேயே, "இந்த வீடு வீடா போறதெல்லாம் இனிமே வேணாம் சார், ஒரு மெமோ போட்டாப் போதும்" என்றார். பி.எம். ஏலக்காய் டப்பாவைத் திறந்தார். யாருக்கும் நீட்டாமல் மூடி உள்ளே வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் ராஜினாமா செய்தார். நசரத்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனி, அதில் ஜெனரல் மேனேஜர்.

கேண்டீனில் யாருக்கும் டீ இறங்கவில்லை. "அவரு போட்ட எட்டாவது அவருக்கு இல்லியா?" என்றான் மணி. இருந்தது. மற்றவர்களிடம் வாங்குவதற்கு முன்னால் முதல் கையெழுத்தைத் தானே போட்டிருந்தார். முதலாளி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வக்கீலை வரவழைத்தார். என்னைக் கூப்பிட்டு, "அவர் எழுதின ஷரத்தை வச்சே அவர் மேல கேஸ்னு அடிம்மா" என்றார். குரல் கோபமாக இல்லை, உடைந்திருந்தது. பின்தெருவில் ஷெட் போட்டவர் நினைவு வந்திருக்கும்.

வழக்கு பூந்தமல்லி கோர்ட்டில். வக்கீலுக்கு விவரம் எடுத்துக் கொடுக்க ராமநாதனையும், ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு வர என்னையும் அனுப்பினார்கள். கம்பெனி வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் கொடுக்கிற விலை இவருக்குத் தெரியும், வேறிடம் போனால் கம்பெனி நாசமாகும் என்று எங்கள் வக்கீல் நன்றாகவே பேசினார். பி.எம். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. அதே வெள்ளைச் சட்டையில் தானே எழுந்து நின்றார்.

"இந்த ஷரத்து உங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"ஒப்பந்தச் சட்டம் இருபத்தேழாவது பிரிவுங்கய்யா. வேலையை விட்டுப் போனவன் பிழைப்பைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. வேலையில இருக்கிறவரைக்கும்தான் கட்டுப்படுத்தலாம்."

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதானுங்க."

"இதை எழுதினது யாரு?"

பி.எம். கை சட்டைப் பையிலிருந்த டப்பாவுக்குப் போனது.

"நான்தானுங்கய்யா."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிக்கும் உதடு துடித்தது. "எழுதும்போது இந்தப் பிரிவு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்கய்யா."

"செல்லாதுன்னு தெரிஞ்சுகிட்டே எதுக்கு எழுதினீங்க?"

"போறவங்க நிப்பாங்கன்னு எழுதினேங்கய்யா."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். ராமநாதன் சிரிக்கவில்லை. மடியிலிருந்த ஃபைலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது. அவர் நசரத்பேட்டையில் சேருவதைத் தடுக்க முடியாது. ஆனால் ரப்பர் கலவை அளவுகள், வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற விலை, இவை கம்பெனியின் சொத்து, அவற்றை வெளியே சொல்லவோ பயன்படுத்தவோ கூடாது. பி.எம். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் சரியான விடையை வாத்தியார் வாயால் கேட்கிற பையன் மாதிரி இருந்தது.

எங்கள் வக்கீல் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். மிச்சம் நாங்கள் மூன்று பேர். வழக்குப் போட்ட தரப்பில் இரண்டு பேர், எதிராளி ஒருவர். மூன்று பேருக்கும் ஆவடி பஸ்தான். கோர்ட்டில் எதிரெதிராக நின்றாலும் பஸ் ஸ்டாண்டில் ஒரே நிழலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

பஸ் வந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்கு நேர் பின் சீட்டில் ராமநாதன். வேறு இடம் இல்லாததால் அவர் பக்கத்தில் பி.எம்.

"மூணு ஆவடி" என்றார் பி.எம். கண்டக்டரிடம்.

"எனக்குத் தனியா ஒண்ணு" என்றார் ராமநாதன்.

"இன்னா சார், ஒண்ணாத்தான குந்திகினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்டக்டர் இரண்டும் ஒன்றுமாகக் கிழித்துக் கொடுத்தார்.

பஸ் கரையான்சாவடி தாண்டியது.

"அமீனா வருவான்னு சொன்னீங்களே" என்றார் ராமநாதன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "ஃபிரிட்ஜைத் தூக்கிட்டுப் போவான்னு."

"சொன்னேன்."

"வரமாட்டான்னு தெரிஞ்சே சொன்னீங்க."

"ஆமா."

"ரெண்டு மாசம் நான் தூங்கல சார். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எழுந்து உக்காருவேன். கடிதத்தைக் கிழிச்சப்புறமும். அந்தக் கம்பெனி இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஓசூர்லயும் ஆரம்பிச்சிட்டாங்க."

"இப்ப எனக்கு நாப்பத்தாறு. இனிமே என்னை எவன் கூப்பிடுவான்?"

"ஒரு வக்கீலைக் கேட்டிருக்கலாமே ராமநாதன்" என்றார் பி.எம். "ஐஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பான்."

"எனக்குத் தெரிஞ்ச வக்கீல் நீங்க ஒருத்தர்தான் சார்."

பஸ் ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க போயிருந்தா பாதி ஆர்டர் உங்க பின்னாடியே போயிருக்கும்" என்றார் பி.எம். "மறுபடியும் வீடு வீடா போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதான்."

"அதைச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எதை?"

"எனக்குத் தெம்பு இல்லை, போகாதே ராமநாதான்னு. அந்த ரவா தோசைக்கு முன்னாடி உக்காந்து அதைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நின்னிருப்பீங்களா?"

பருத்திப்பட்டு வந்துவிட்டது.

"நின்னிருப்பேனோ என்னமோ. நீங்க கேக்கவே இல்லையே சார்."

ஆவடியில் ராமநாதன் இறங்கி, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தார். நானும் பி.எம்.மும் ரயிலேறினோம். அண்ணனூர் அடுத்த ஸ்டேஷன்தான். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒரு நிமிஷம் என்று சொல்லவில்லை.

விஷயம் மறுநாளே ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. எட்டாவது ஷரத்து வெறும் பூச்சாண்டி என்று தெரிந்ததும் அந்த வருஷமே மூன்று அதிகாரிகள் போனார்கள். ராமநாதனும் போனார். திருமழிசையில் ஒரு சின்ன கம்பெனி. கார் தரவில்லை, ஸ்கூட்டர்தான் கொடுத்தார்கள். ஆனாலும் போனார். முதலாளி அவரைப் போகாதே என்று சொல்லத் தானே அவர் அறைக்கு நடந்து வந்ததைப் பார்த்தேன். தலைமுடி வெளுத்த அந்த மனிதர் வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்தார். அதுவரை அந்தப் பேச்சையெல்லாம் பி.எம்.தானே பார்த்துக்கொண்டார்? கடைசியில் மிச்சமிருந்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார்கள். எனக்கும் கூடியது. பி.எம். இருந்து வாங்கித் தந்ததைவிட, இல்லாமல் வாங்கித் தந்தது அதிகம் என்று மணி கேண்டீனில் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். ஆனால் சம்மன், அமீனா என்று அவர் சொல்லச் சொல்ல ராமநாதன் தோசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி, நான் பார்க்காமலே என் கண்ணுக்குள் இருந்தது. ராமநாதனும் அவரும் அதன் பிறகு பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் ஆபீசுக்குப் போன் வந்தது. "வசந்தி, நான்தான்."

குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். பழக்கம்.

"இங்க எனக்கு ஒரு ஸ்டெனோ வேணும். நீ வந்துடு."

"அங்க ஆர்டர்ல எட்டாவது ஷரத்து உண்டா சார்?" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

"இருக்கு. இந்த முதலாளியும் கேட்டார், எழுதிக் கொடுத்தேன்."

"அதே ஒரு பக்கமா?"

"அதே ஒரு பக்கம். செல்லாதுன்னும் சொல்லித்தான் கொடுத்தேன். பரவாயில்லை, இருக்கட்டும்னாரு. உனக்கும் உண்டு. உனக்குத்தான் தெரியுமே, பயப்படாம போடு."

சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

இப்போது தொடங்குவார் என்று காத்திருந்தேன். இந்தக் கம்பெனி இனி எத்தனை நாள் ஓடும், புது ஜி.எம். ஸ்டெனோக்களை என்ன செய்யப் போகிறார், கம்ப்யூட்டர் வந்தால் என் கதி என்ன என்று நல்ல நல்ல பயங்களாக எடுத்து விடுவார். போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"வசந்தி" என்றார். "எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியல. மத்தியானம் தனியா உக்காந்துதான் சாப்பிடறேன். நீ வந்தா எனக்கு நல்லா இருக்கும். வர்றியாம்மா?"

அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கத் தெரியாமல், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே தடுக்கிக்கொண்டு கேட்டார்.

"வரேன் சார்" என்றேன்.

டைப்ரைட்டரில் பாதி அடித்து நின்றிருந்த கடிதத்தை உருவி ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றைச் செருகினேன். என் ராஜினாமா இரண்டே வரிதான் இருந்தது.